செவ்வா, வியாழன், சனி

அந்த லேப்டாப்ப தூக்கிகினு போயி கடல்ல வீசிட்டு வந்துடலாம்னு நான் நெனச்சது ஒரு வாட்டியா ரெண்டு வாட்டியா? கடலு இன்னா தூரத்துலயா கீது? எங்க வூட்டு வாசல்ல நின்னு பாத்தா ரோடு, ரோட்ட தாண்டுனா அலைக்குப் போட்ட கருங்கல்லு, அதுக்கு அந்தாண்ட தண்ணி. ஆனா அத்த வீசுனா கூடவே என் வேலையும் போயிடும். அதனால பல்ல கடிச்சிகினு கெடந்தேன்.

எம்பேரு நர்மதா. திருவொற்றியூர் குப்பத்துல வாக்கப்பட்டு வந்தவ. எங்க வூட்டுக்காரரு உதயா விசைப்படகுல போறவரு. போனா திரும்பி வர பத்து நாளு, பன்னெண்டு நாளு ஆவும். வூட்ல நானும் எங்க மாமியாரு கோவிந்தம்மாவும்தான். மாமியாருக்கு கருவாட்டு யாவாரம். நான் கம்ப்யூட்டர் டிப்ளமா படிச்சவ. படிச்சி இன்னா பிரயோஜனம்? ஆறு வருஷம் இறால் உரிக்கிற கம்பெனிலதான் நின்னேன். காலையிலருந்து சாயங்காலம் வரிக்கும் ஐஸ் தண்ணில கைய வுட்டுகினு நிக்கணும். நகக்கண்ணு வெடிச்சி, விரலு நுனி மரத்துப் போயி, வூட்டுக்கு வந்தா சோத்த பெசைய முடியாது. மாமியாருதான் ஒரு ஸ்பூன் வாங்கியாந்து குடுத்தாங்க. "தோடா, தொரசாணிக்கு ஸ்பூனு"னு திட்டிகினேதான் குடுத்தாங்க, அத்த வுடு.

அப்பேர்ப்பட்டவளுக்கு வூட்ல குந்திகினே பாக்கிற வேல ஒண்ணு கெடச்சா எப்டி இருக்கும்? பெருங்குடில ஒரு சின்ன கம்பெனி. அவங்க எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டோட கம்ப்யூட்டர பாத்துக்கிறாங்க. யார்டுக்குள்ள எந்த டிரெய்லர் வருது, எது போவுது, எந்த பொட்டி எந்த வரிசைல கீது, எல்லாம் அந்த சர்வர்லதான். நான் எங்க வூட்லருந்து லேப்டாப்ல ஒரு கறுப்புத் திரைய தொறந்து, நெட்டு வழியா அந்த சர்வருக்குள்ள பூந்து, இத்த ஓட்டு, அத்த நிறுத்துனு எழுத்தா தட்டணும். அவ்ளோதான் வேல. மூணு மாசம் சோதனை. அதுல தேறிட்டா நெரந்தரம், புது லேப்டாப்பும் அவங்களே குடுப்பாங்க. தேறலேனா மறுபடியும் இறாலு, மறுபடியும் ஐஸு.

புதுசு வர்ற வரிக்கும் பழசு. எங்க வூட்டுக்காரரு தோஸ்துகிட்டருந்து வாங்கியாந்தாரு. அந்த லேப்டாப்போட லட்சணத்த கேளு. பேட்டரி செத்து போயி வருஷமாச்சி, சார்ஜர புடுங்குனா அடுத்த நொடி அணைஞ்சிடும். சார்ஜர் குத்துற ஓட்டை லூசு. அத்த ரப்பர் பேண்டு போட்டு மேசைக் காலோட இழுத்துக் கட்டி, ஒரு செங்கல்ல அண்டக் குடுத்து வெச்சிருந்தேன். அசைச்சா போச்சு. நெட்டு வயரு சொருகுற எடம் உப்புக் காத்துல பச்ச பூத்து செத்துடுச்சி. அதனால வைஃபைதான் கதி.

அந்த வைஃபைதான் என் தாலிய அறுத்துச்சு.

நல்லா ஓடிகினே இருக்கும். திடீர்னு ஒரு எழுத்து தட்டுனா நாலு எண்ணுனப்பறம் திரையில வரும். அப்பால எட்டு எண்ணணும். அப்பால ஒண்ணுமே வராது. கல்லு மாதிரி நிக்கும். நானும் கீபோர்ட தட்டு தட்டுனு தட்டுவேன். கடைசில லைன் அறுந்துச்சினு ஒரு வரி வரும். லைன் அறுந்தா சர்வர்ல ஓடிகினு இருந்த வேலையும் பாதில செத்துடும். லைன் போனாலும் வேல தன்னால ஓடுற மாதிரி பண்றதுக்கு ஒரு சின்ன புரோகிராமு கீது. ஆனா அந்த யார்டு சர்வரு ஓல்டு பீசு, அதுல புதுசா எதையும் ஏத்தக்கூடாதுனு கண்டிஷனு. அடச்சீ, இன்னா பொழப்புடா இதுனு எத்தினி நாளு தலைல அடிச்சிகினேன் தெரியுமா?

நான் சொம்மா இருந்தேன்னு நெனைக்காத. ஒண்ணொண்ணா பாத்தேன். வைஃபை கார்டு கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு தானா தூங்கிடும்னாங்க, அந்த தூக்கத்த அணைச்சேன். அரை நிமிஷத்துக்கு ஒரு வாட்டி "நான் உசுரோட கீறேன்"னு சர்வருக்கு சேதி அனுப்புற மாதிரி செட் பண்ணேன். வைஃபை சேனல மாத்துனேன். டிரைவர அழிச்சி மறுபடி ஏத்துனேன். சுண்டு வெரலு நீளத்துக்கு குத்துற வைஃபை குச்சி ஒண்ணு வாங்கி சொருகுனேன். ரெண்டு நாளு பிரமாதமா ஓடிச்சி, "கெலிச்சிட்டேன் அத்தே!"னு கத்துனேன். மூணாவது நாளு பழைய குருடி கதவ தொறடினு ஆயிடுச்சி.

நெட்டுக்காரர கூப்ட்டேன். செவ்வாக்கெழம போன் பண்ணா, ஆளு பொதங்கெழம மத்தியானம் வருவாரு. வந்து வைஃபை வர்ற நெட்டுப் பொட்டிய பாப்பாரு, என் மேசையாண்ட வந்து அவரு போன்ல பாப்பாரு. "இன்னாம்மா, ஃபுல் சிக்னல் கீது. உங்க லேப்டாப்புதான் டப்பா." மூணு வாட்டி வந்தாரு, மூணு வாட்டியும் இதே டயலாக்கு. அவரு மூஞ்சிக்கு முன்னால நெட்டு அப்டியே குடும்பப் பொண்ணு மாதிரி அடக்க ஒடுக்கமா ஓடும். அவரு தெரு முனைய தாண்டி மறுநாளு ஆவட்டும், ஆட்டம் ஆரம்பிச்சிடும்.

எங்க மாமியாருக்கு இது நல்ல வேடிக்க. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னு மீன் கழுவிகினே ஒரு பாட்டு பாடுவாங்க.

"அத்தே, சொம்மா இரு. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு..."

"இன்னா பண்ணுவ? என்னையும் தட்டுவியா, அந்தப் பொட்டிய தட்ற மாதிரி?"

எங்க வூட்ட பத்தி சொல்லிடுறேன். ரயில் பொட்டி மாதிரி நீட்டா இருக்கும். முன்னாடி ஒரு ரூமு, நடுவுல குறுகலா ஒரு நட, பின்னாடி ஒரு ரூமு. நெட்டுப் பொட்டி முன் ரூம்ல, இடுப்பு ஒசரத்துல செவுத்துல கீது. வயரு எட்டலேனு அங்கியே ஆணி அடிச்சி மாட்டிட்டு போயிட்டாங்க. என் மேசை பின் ரூம்ல. முன் ரூம்ல ஏன் குந்தலேனு கேப்ப. அதான் மாமியாரோட கட. நாளெல்லாம் வஞ்சிரக் கருவாடு, நெத்திலினு பேரம் நடக்கும். மொத வாரம் அங்கதான் குந்தினேன். மீட்டிங்ல நான் பேசறப்போ பின்னால ஒரு அம்மா, "இன்னா கோவிந்தம்மா, போன வாரம் குடுத்த சுறா ஒரே நாத்தம்"னு கத்திச்சி. எங்க சாரு நோயலு ரொம்ப மரியாதையான ஆளு. "நர்மதா, கொஞ்சம் அமைதியான இடத்துல உக்காந்து பேசுறீங்களா?"ன்னாரு. எனக்கு மானமே போச்சு. அன்னிக்கே பின் ரூமுக்கு மாறிட்டேன்.

அதுவும் நான் எடத்துல கோளாறானு சோதிச்சிப் பாக்காம இல்ல. ஒரு பொதங்கெழம சாயங்காலம் லேப்டாப்ப செங்கல்லோட முன் ரூமுக்கு தூக்கியாந்து வெச்சி ஒரு மணி நேரம் ஓட்டுனேன். சூப்பரா ஓடிச்சி. பின் ரூமுக்கு தூக்கினு போயி ஒரு மணி நேரம் ஓட்டுனேன். அங்கியும் சூப்பரு. ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரினா எடத்துல தப்பு இல்ல. கரீட்டுதான? அந்த சந்தேகத்த அன்னியோட கோடு போட்டு அடிச்சிட்டேன். என்ன செருப்பால அடிக்கணும்.

நோட்டு கூட போட்டேன். எப்ப அறுந்துச்சி, எத்தினி மணிக்கு, மழையா வெயிலா, கரண்டு எப்டி, எல்லாம். மூணு வாரம் எழுதி முடிச்சிட்டு பாத்தா செவ்வா, வியாழன், சனி. செவ்வா, வியாழன், சனி. அந்த மூணு நாளுதான் உசுர வாங்குது. மத்த நாளு கம்முனு கீது. வாரத்துல மூணு நாளு சர்வர்ல கூட்டம் ஜாஸ்தியானு நோயல் சாராண்ட கேட்டேன். அவரு பாத்துட்டு அப்டி ஒண்ணும் இல்லேன்னாரு. ரயிலா இருக்குமோ, கும்மிடிப்பூண்டி லைன்ல அந்த நாளுல ஏதாச்சும் தனியா போவுதானு கூட யோசிச்சேன். பக்கத்து வூட்டு ரமாபாயாண்ட போயி, "அக்கா, நீ செவ்வா, வியாழன், சனில புதுசா எதுனா மிசினு ஓட்றியா?"னு கேட்டேன். அது என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "செவ்வா, வெள்ளி வெளக்கு ஏத்துவேன். சனி நல்லெண்ண தேய்ப்பேன். இன்னாடி ஆச்சு உனக்கு?"ன்னுச்சி.

இப்ப அந்த சனிக்கெழமைக்கு வர்றேன்.

என் மூணு மாசம் முடியுற நாளு அது. யார்டுல கேட் புரோகிராம மாத்தணும். பழச நிறுத்திட்டு புதுச ஏத்தணும். பதினோரு மணிக்கு கேட்ட மூடுவாங்க, ரெண்டு மணிக்கு தொறந்தாவணும். தொறக்கலேனா டிரெய்லருங்க ரோட்டுல வரிசை கட்டி நின்னுடும், யார்டுக்காரன் கம்பெனியவே கழட்டி வுட்டுடுவான். நோயல் சாரு இந்த வேலைய எனக்கே குடுத்தாரு. "இத முடிச்சிட்டீங்கன்னா நான் மேல பேசுறதுக்கு வேற எதுவும் வேணாம், நர்மதா." அதுக்கு மேல ஒரு வில்லங்கம். யார்டு சர்வரு எங்க வூட்டு நெட்டு லைன்லருந்து வந்தாத்தான் கதவ தொறக்கும், அப்டி ஒரே ஒரு லைனுக்குத்தான் பர்மிஷன் வாங்கி வெச்சிருந்தாரு. போன் நெட்டுல பூர முடியாது.

அந்த வாரம் பாத்து தண்ணி லாரிக்காரங்க ஒரு குண்ட தூக்கிப் போட்டாங்க. குழா வேல நடக்குது, சனிக்கெழமைக்கு அப்பால அடுத்த வியாழக்கெழம வரிக்கும் லாரி வராதுனு. எங்க தெருவுல தண்ணினா லாரிதான். மாமியாருக்கு குடிக்க, குளிக்க மட்டுமில்ல, மீன் கழுவவும் வேணும். நடையில ரெண்டு நீல டிரம்மு வெச்சிருக்கோம். லாரி வந்த நாளு ரொப்புனா, மறுநாளு மத்தியானம் காலியாயிடும்.

நான் புத்திசாலி இல்லியா? வேல நடக்கிறப்போ "நர்மதா, தண்ணி"னு என்ன யாரும் கூப்டக்கூடாதுனு காலையில ஆறு மணிக்கே லாரியாண்ட போயி சண்ட போட்டேன். ரமாபாய் வூட்ல சொம்மா கெடந்த டிரம்மையும் எரவலு வாங்கியாந்து மூணு டிரம்மையும் விளிம்பு வரிக்கும் ரொப்புனேன். எட்டு கொடம் வேற. டிரம்ம நடையில வரிசையா நிறுத்தி, மேல பலகைய போட்டு, பலக மேல கொடத்த அடுக்குனேன். தேர் மாதிரி நின்னுச்சி. மாமியாரு பாத்துட்டு, "பரவால்லியே, உனக்கும் குடும்பம் பண்ணத் தெரியுது"ன்னாங்க. கல்யாணமாகி அஞ்சு வருஷத்துல அவங்க வாயிலருந்து வந்த மொத நல்ல வார்த்த அது.

பதினோரு மணிக்கு உள்ள பூந்தேன். மொத எழுத்துலயே தெரிஞ்சிடுச்சி. சனியன் புடிச்ச சனிக்கெழம. எழுத்து எறும்பு மாதிரி ஊருது.

போன்ல நோயல் சாரு. "லைன் எப்படி இருக்கு நர்மதா?"

உண்மைய சொல்லியிருக்கணும். "சூப்பரா கீது சார்"னு சொல்லிட்டேன். பயம். நாக்குல சனி.

மொத்தம் பன்னெண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் அது ஒரு கேள்வி கேக்கும், நான் ஆமானு தட்டணும், அப்பதான் அடுத்தது. ஒண்ணுலருந்து பத்து வரிக்கும் நான் எப்டி வந்தேன்னு எனக்கும் அந்த மேசைக்கும்தான் தெரியும். லைன் நிக்கும், நான் கும்புடுவேன், அசையும். ரெண்டு வாட்டி ஸ்க்ரீனே உறைஞ்சி போச்சு. அழுகையும் ஆத்திரமும் சேந்து வருது. "அட கஸ்மாலமே, நான் உனக்கு இன்னா பாவம் பண்ணேன்?"னு வாய்வுட்டு கேட்டேன். பதினொண்ணாவது கட்டம்தான் பெரிசு. புது ஃபைல என் லேப்டாப்லருந்து சர்வருக்கு ஏத்தணும். இருவது நிமிஷத்துல ஃபைலு வந்து சேரலேனா சர்வரு தானா கதவ சாத்திக்கும். சாத்திகிச்சினா பழசும் இல்ல, புதுசும் இல்ல. திங்கக்கெழம வரிக்கும் கேட்டு தொறக்காது.

ஏத்த ஆரம்பிச்சேன். மணி ஒண்ணு இருவது. இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்னு அது ஒரு கணக்கு காட்டும். ஒரு மணி பத்து நிமிஷம்னு காட்டிச்சி.

எனக்கு அல்லு கழண்டு போச்சு. கப்பல் கவுந்தாப்ல கன்னத்துல கைய வெச்சிகினு குந்திட்டேன். என் வெரல பாத்தேன். வெடிச்ச நகமெல்லாம் இந்த மூணு மாசத்துலதான் ஒழுங்கா மொளைச்சி வந்திருந்துச்சி.

அந்த நேரம் பாத்து ரமாபாய் வந்துச்சி. லாரிய கோட்ட வுட்டுடுச்சாம், ரெண்டு கொடம் தண்ணி வேணுமாம். டிரம்ம வேற குடுத்திருக்கு, எங்க மாமியாரால மாட்டேன்னு சொல்ல முடியல. மொணமொணன்னுகினே பலக மேலருந்து ஒரு கொடத்த எடுத்துக் குடுத்தாங்க. அப்பால இன்னொண்ணு.

திரையில ஒரு மணி பத்து நிமிஷம், அம்பது நிமிஷம் ஆச்சி.

நான் நிமிந்து குந்தினேன். மாமியாரு, வரிசை கோணலா போச்சேனு பக்கத்துல இருந்த கொடத்த அந்த எடத்துக்கு நகத்துனாங்க. மறுபடியும் ஒரு மணி நேரம்.

"அத்தே!" வூடே அதிர்ற மாதிரி கத்துனேன். "அந்தக் கொடத்த எடு!"

"இன்னாடி?"

"எடு அத்தே, சொல்றேன்ல!"

எடுத்தாங்க. அம்பது நிமிஷம்.

"மறுபடி வை!"

"பைத்தியமா உனக்கு?"

"வைய்யி!"

வெச்சாங்க. ஒரு மணி நேரம்.

அப்பதான் பொட்டுல அடிச்ச மாதிரி வெளங்குச்சி. செவ்வா, வியாழன், சனி. லாரி வர்ற நாளு. தண்ணி வைஃபைய குடிச்சிடும்னு நான் டிப்ளமாவுல படிச்சவ, பரிச்சைல எழுதி மார்க்கு வாங்குனவ! நெட்டுப் பொட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல நானே தண்ணில ஒரு செவுரு கட்டி வெச்சிருக்கேன். நெட்டுக்காரரு வந்ததெல்லாம் பொதங்கெழம மத்தியானம், டிரம்மு காலி. நான் சோதிச்சிப் பாத்தது பொதங்கெழம, டிரம்மு காலி. இன்னிக்கி மூணாவது டிரம்ம எரவலு வேற வாங்கியாந்து கெட்டியா கட்டியிருக்கேன். கூடம் நெசமாவே கோணலுதான், கோண வெச்சவ நான்தான்.

"கொடத்த பூரா எடுங்க! நடையில ஒண்ணு கூட இருக்கக்கூடாது!"

ரமாபாயும் மாமியாரும் எடுத்தாங்க. மிச்சம் இருந்த ஆறு கொடமும் வாசலுக்குப் போச்சு. முப்பத்தஞ்சி நிமிஷம்னு காட்டிச்சி. சர்வர் குடுத்த இருவதுல இன்னும் மிச்சம் பதினாலு நிமிஷம்தான். பத்தாது. டிரம்மு போவணும். ரொம்பின டிரம்ம மூணு பொம்பளைங்க நகத்த முடியுமா? மோந்து மோந்து ஊத்துனா அரை மணி ஆவும். லேப்டாப்ப தூக்குனா செத்துடும், நெட்டுப் பொட்டிய அசைச்சா வயரு புடுங்கிக்கும். டிரம்ம அங்கியே சாய்க்கிறது ஒண்ணுதான் வழி. எங்க வூட்டுத் தரை வாசல் பக்கம் சரிவு, சாய்ச்சா தண்ணி முன் ரூமு வழியா வாசல்ல போயி வுழும்.

அங்கதான் நான் நின்னுட்டேன்.

எங்க வூட்ல ஒரு சட்டம் கீது. மாமியாரோட சட்டம். வூட்டு ஆம்பள கடல்ல கீறப்போ ரொம்பின தண்ணிய வாசல் வழியா கொட்டக்கூடாது. ஒரு சொம்பு தண்ணி கூட பின்பக்கம்தான் போவணும். எங்க மாமனாரு கடைசியா கடலுக்குப் போயிருந்த அன்னிக்கு காலையில வாசப்படில கால் தட்டி ஒரு கொடம் கவுந்துச்சாம். அவரு திரும்பி வரல. கட்டுமரம் ஒண்டிதான் பழவேற்காடு பக்கம் ஒதுங்குச்சி. அது நடந்து இருவத்திரெண்டு வருஷம். அன்னிலருந்து எங்க மாமியாரு வாசல்ல கோலத்துக்கு தெளிக்கிற தண்ணிய கூட, எங்க வூட்டுக்காரரு கரைல இருந்தாத்தான் தெளிப்பாங்க.

எங்க வூட்டுக்காரரு போயி அன்னிக்கு ஏழு நாளு.

நான் நடைக்கு வந்து டிரம்மு விளிம்புல கைய வெச்சேன். தள்ள மனசு வரல. எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லேனு சொல்லிகினு திரியிறவதான். ஆனா கை நகரல.

"இன்னாடி பாத்துகினு நிக்கற?" மாமியாரு கேட்டாங்க.

"இந்த தண்ணி இருந்தா நெட்டு வராது அத்தே. இப்பவே கவுக்கணும். கவுத்தா வாசல்லதான் போவும்."

அவங்க டிரம்ம பாத்தாங்க.

"வேணாம் அத்தே," நானே சொன்னேன். "போவட்டும். நான் கம்பெனிக்கே திரும்பிப் போயிடுறேன்."

"எந்த கம்பெனி?"

"இறாலுக்கு."

அவங்க என் கைய பாத்தாங்க. புடிச்சி கூட பாக்கல, தூரத்துலருந்து ஒரு பார்வ. அப்பால பொடவைய தூக்கி இடுப்புல சொருகுனாங்க. "எட்டப் போடி"ன்னாங்க. டிரம்முக்கு முதுகக் குடுத்து, எதிர் செவுத்துல கால ஊனி, ஒரு தம்மு கட்னாங்க. மொத டிரம்மு சாஞ்சிடுச்சி. தண்ணி மொழங்காலு வரிக்கும் எகிறி முன் ரூமுக்குள்ள பாஞ்சிச்சி. "அய்யோ கருவாடு!"னு ரமாபாய் மூட்டைய இழுத்துச்சி. ரெண்டு மூட்ட தப்பிச்சி, ஒண்ணு நனைஞ்சிச்சி. மாமியாரு திரும்பிக் கூட பாக்கல. ரெண்டாவது டிரம்மு. தெருவுல கூச்சல். "யார்டி அது, தண்ணிய கொட்றது? கண்ணு அவிஞ்சி போச்சா?" சட்டியும் பானையுமா நாலு பேரு வாசல்ல மோந்துக்க ஓடியாராங்க. மூணாவது டிரம்மு அசையல. நானும் முட்டு குடுத்தேன். ரமாபாயும் குடுத்துச்சி. போச்சு.

"போயி உன் வேலைய பாரு," அவங்க மூச்சு வாங்கிகினே சொன்னாங்க. "அவன் வருவான்."

ஓடிப் போயி பாத்தா ஆறு நிமிஷம்னு காட்டுது. ஆறு அஞ்சாச்சி, அஞ்சு நாலாச்சி. எழுத்தெல்லாம் நான் தட்றதுக்கு முன்னாடியே வந்து நிக்கிற மாதிரி பறக்குது. பதினொண்ணு முடிஞ்சிச்சி. பன்னெண்டுக்கு ஆமானு தட்டுனேன். ஒண்ணு அம்பத்திரெண்டுக்கு யார்டுலருந்து போனு, கேட்டு தொறந்தாச்சினு.

நோயல் சாரு லைன்ல வந்தாரு. "நர்மதா, வெல் டன். நடுவுல ஏன் அவ்ளோ சத்தம்? யாராவது விழுந்துட்டாங்களா?"

"இல்ல சார். தண்ணி கொட்டிச்சி."

"சரி. திங்கள்ல இருந்து நீங்க நிரந்தரம். ஒரு ஃபார்ம் அனுப்புறேன். நடுவுல லைன் ஏன் அவ்ளோ மெதுவா இருந்திச்சு, யாரு சரி பண்ணாங்கனு அதுல எழுதி அனுப்பிடுங்க."

போன வெச்சிட்டு, ஈரத் தரைலயே குந்தி ஓன்னு அழுதேன். மாமியாரு தொடப்பத்தால தண்ணிய தள்ளிகினு இருந்தாங்க. "வேல கெடச்சிடுச்சி அத்தே." "அதுக்கு ஏண்டி அழுவுற, எழவு வூடு மாதிரி? எந்திரிச்சி தொட."

சாயங்காலம் ஃபார்ம் வந்துச்சி. காரணம்னு ஒரு கட்டம். "வைஃபை வழியில மூணு டிரம் தண்ணி"னு எழுதுனேன். சரி செய்தவர்னு இன்னொரு கட்டம். அவங்கள கூப்ட்டு காட்டுனேன். "அத்தே, இங்க உன் பேர போடப் போறேன்."

எப்பவும் போல ஏதாச்சும் நக்கலா சொல்லுவாங்கனு பாத்தேன். அவங்க கதவாண்ட நின்னுகினு கடலு பக்கம் பாத்துகினு இருந்தாங்க. வாசப்படி இன்னும் ஈரமாவே கெடந்துச்சி.

"இப்ப போடாதடி," அப்டின்னாங்க. கொரலு சின்னதா போயிடுச்சி. "அவன் வந்து வூட்ல கால வெக்கட்டும். அதுக்கு அப்பால போடு."

அவன் வருவான்னு அவங்க சொன்னது எனக்காக ஒண்டிதான்னு அப்பதான் எனக்கு புரிஞ்சிச்சி.

ஞாயித்துக்கெழம அவங்க சோறு துன்னல. திங்கக்கெழம நோயல் சாரு ஃபார்ம் எங்கன்னாரு. "ஒரு கட்டம் பாக்கி கீது சார்." செவ்வாக்கெழம மறுபடி கேட்டாரு. "நாளைக்கு சார்." நெட்டு அப்டியே பறக்குது, நான்தான் நிமிஷத்துக்கு ஒரு வாட்டி வாசல பாக்கிறேன். படகு போன் எல்லையத் தாண்டிப் போயிருந்திச்சி, கூப்டவும் வழியில்ல. ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்கல. வாசல்ல வெச்ச கொடமெல்லாம் தீந்தப்பறம், கோடி வூட்ல பாதி கொடம், எதிர் வூட்ல பாதி கொடம்னு வாங்கி ஓட்டுனோம். கொட்றப்போ திட்டுனவங்கதான் குடுத்தாங்க.

பொதங்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வூட்டுக்காரரு வந்தாரு. டீசல் நாத்தம், மீன் நாத்தம், பதினோரு நாளு தாடி. வாசப்படிய தாண்டி உள்ள வந்தவரு நடையில காலியா கவுந்து கெடந்த டிரம்முங்கள பாத்துட்டு, "இன்னாம்மே, குளிக்க ஒரு சொட்டு தண்ணி கூட இல்ல? வூட்ல ரெண்டு பொம்பளைங்க கீறீங்க, இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"னு எரிஞ்சி வுழுந்தாரு.

மாமியாரு கருவாட்டுக் கூடைய கீழ வெச்சிட்டு அவர தலைலருந்து காலு வரிக்கும் பாத்தாங்க. அப்பால என்ன பாத்து, "இப்ப போடுடி"ன்னாங்க.

நான் நேரா பின் ரூமுக்குப் போயி லேப்டாப்ப தொறந்து, சரி செய்தவர்ங்கிற கட்டத்துல கோவிந்தம்மானு அடிச்சி அனுப்புனேன். ஒரே தட்டுல போயி சேந்துடுச்சி.